திரும்பிப் பார்க்காத லூப்

பிரஸ் மெஷின் ஆபரேட்டரின் வலது கையை நசுக்கி முப்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அடித்தட்டில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஆபரேட்டரின் தம்பி அதே பட்டறையில் ஃபிட்டர். எலக்ட்ரீஷியனைக் காலரைப் பிடித்து மெஷின் முன்னால் இழுத்து வந்தான். எலக்ட்ரீஷியன் அவன் அக்காவின் கணவர்.

“நிறுத்தற சிவப்புப் பட்டன அமுக்கினேன், அமுக்கினேன்னு அண்ணன் ஆஸ்பத்திரில கத்திட்டே இருக்கான். அந்தப் பட்டனுக்கு ஒயர் குடுத்தது யாரு மச்சான்?”

“நான்தான். மீட்டர் வெச்சுப் பாத்துத்தான் மூடினேன்டா.”

குத்து வாயில் விழுந்தது. எலக்ட்ரீஷியன் ஒரு பல்லைத் துப்பினார்.

“இத்தன வருஷம் வாங்க போங்கன்னு கூப்பிட்டேன்ல, அதுக்கும் சேத்து வாங்கிக்கோ.”

மெஷினுக்குப் புரோகிராம் எழுதிய சீனியர் பத்தடி தள்ளி நின்றார். “ஒயர்லதான் கோளாறு இருக்கணும். நாங்க டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பினோம்” என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய ஜூனியர், லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். டெஸ்டில் மெஷின் நின்றது உண்மைதான். பட்டனை அமுக்கியதும், கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளான கெர்னல் புரோகிராமை இடைமறித்து ஒரு சிறு ஃபங்ஷனை ஓட்டியது. அது மெமரியில் கொடி எனப்படும் ஓர் அடையாள எண்ணைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாற்றியது. பிரஸ்ஸை இறக்கும் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைத் தொகுப்பு, ஒவ்வொரு சுற்றிலும் கொடியைப் பார்த்தது. ஒன்று என்றதும் நின்றது.

அதன் பிறகு, வேகம் போதவில்லை என்று, தேவையற்றதாகத் தெரியும் வேலைகளை வெட்டும் ஆப்டிமைசேஷனைப் போட்டு மறுபடி கம்பைல் செய்து அனுப்பினார்கள். மறுபடி யாரும் பட்டனை அமுக்கிப் பார்க்கவில்லை. புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் தந்த கட்டளைகளை அவள் நேற்று வரிவரியாகப் படித்துவிட்டு சீனியரிடம் காட்டினாள். “வாயத் தொறக்காத” என்றார்.

ஃபிட்டர் மச்சானின் கையை முறுக்கி பிரஸ்ஸுக்கு அடியில் அழுத்தினான். சுண்டுவிரல் முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“ஒயர் சரின்னா நிக்கும்ல? பச்சைய அமுக்கறேன். பாதி இறங்கினதும் சிவப்பு. பாத்துடலாம்.”

எலக்ட்ரீஷியன் ரத்தத்தை விழுங்கினார். “அமுக்குடா. நிக்கும். என் ஒயர் எனக்குத் தெரியும்.”

“சார், சொல்லுங்க சார்” என்று அவள் முனகினாள். சீனியர் இன்னும் இரண்டடி பின்வாங்கினார்.

ஃபிட்டரின் கட்டைவிரல் பச்சைப் பட்டனுக்குப் போனது. அவள் லேப்டாப்பைப் போட்டுவிட்டு ஓடி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் முழங்கை அவள் மூக்கில் இடித்தது. ரத்தம் உதட்டில் இறங்கியது. அவள் பிடியை விடவில்லை.

“நிக்காதுண்ணா! ஒயர் நல்லாத்தான் இருக்கு. உங்க அண்ணன் அமுக்கினாரு, கொடியும் மாறிச்சு. கொடி வெளியிலேர்ந்து மாறும்னு நாங்க கம்பைலர்கிட்ட சொல்லல. லூப்புக்குள்ள யாரும் அதத் தொடலையேன்னு, ஒரே தடவ படிச்சா போதும்னு அது முடிவு பண்ணிடுச்சு. அப்புறம் லூப் திரும்பியே பாக்கல.”