பதினேழாம் கேள்வி

அம்மா இறந்த வருஷம் அக்காவுக்குப் பதினைந்து வயது. யார் எதிரிலும் அவள் அழவில்லை. விடிந்ததும் எழுந்து சமைத்தாள், தங்கைக்குத் தலை வாரினாள், அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். அந்த வருஷம்தான் பள்ளிக்கு ஒரு பேராசிரியர் வந்தார். வளரும் பிள்ளைகளின் உணர்வு நுண்ணறிவை அளக்கப்போவதாகச் சொல்லி நாற்பது கேள்விகள் கொடுத்தார். பதினேழாவது: ‘துயரம் வந்தால் பிறரிடம் சொல்லி அழுவேன்.’ அக்கா ‘ஒருபோதும் இல்லை’ என்பதில் குறியிட்டாள்.

‘பிறர் மனம் உணரும் திறன் குறைவு’ என்று அறிக்கை வந்தது. வகுப்பில் ‘மரக்கட்டை’ என்று பெயர் விழுந்தது. நர்ஸ் பயிற்சிக்குப் போனபோது அந்தத் தாளைக் காட்டியே கதவைச் சாத்தினார்கள். இன்று அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள்.

தங்கை மறக்கவில்லை. புள்ளியியல் படித்து, அதே பேராசிரியரின் ஆய்வு நிலையத்தைத் தேடிப்பிடித்து வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே முதுகுக்குப் பின்னால் அவருக்குத் ‘தராசு’ என்று பெயர். டீ கொண்டுவருபவரைக்கூட எடைபோடாமல் விடமாட்டார். ஐந்து நாட்டுப் பிள்ளைகளிடம் தன் கேள்விகளைக் கொடுத்து, உலகத்துக்கே ஒரே அளவுகோல் என்று நிறுவ நினைத்தார். அவள் தலையாட்டிக்கொண்டே கணக்குப் பார்த்தாள்.

ஒரு மதியம் அது கண்ணில் பட்டது. ‘மனசு சரியில்லாதபோது வகுப்பில் யாரிடம் போவாய்?’ என்று மாணவர்களைத் தனியாகவும் கேட்டிருந்தார்கள். நம் நாடு உட்பட இரண்டு நாடுகளில், அதிகம் பேர் சொன்ன பெயர்கள் பதினேழாம் கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று எழுதிய பிள்ளைகளுடையவை. தன் துயரத்தை அடுத்தவர் தலையில் இறக்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்குத்தான் தேர்வு குறைந்த மதிப்பெண் போட்டிருந்தது.

அவள் அந்தக் கோப்பை மூடினாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் பொறுத்தாள். எல்லாப் பள்ளிகளுக்கும் அந்தத் தேர்வைக் கொண்டுவர ஒப்பந்தம் போடும் நாள் வந்தது. மண்டபம் நிறைய அதிகாரிகள். பேராசிரியர், “நம்ம பொண்ணு அட்டவணைய விளக்குவா” என்று பெருமையாக மேடைக்கு அழைத்தார். அவள் இரண்டு வருஷமாக மறைத்து வைத்திருந்த அட்டவணையைத் திரையில் போட்டாள். வரிவரியாக, நிதானமாகப் படித்தாள். அதிகாரிகள் ஒவ்வொருவராகப் பேனாவை மூடினார்கள்.

மேடைக்குப் பின்னால் அவர் முகம் வெளிறியிருந்தது.

“இது உனக்கு எப்போ தெரியும்?”

“ரெண்டு வருஷமா தெரியும் சார்.”

“அப்பவே சொல்லியிருந்தா திருத்தியிருப்பேனேம்மா!”

“அதுக்குத்தான் சொல்லல.”

அக்கா படித்த பள்ளியின் பெயரைத் தங்கை சொன்னாள். மரக்கட்டை என்று பெயர் வாங்கிய பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தார். “எத்தனையோ பிள்ளைங்க… ஞாபகம் இல்லையே.”

அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

நேரே சலவைக்கடைக்குப் போய் ஒரே மூச்சில் கொட்டினாள். அக்கா சட்டைக் கழுத்தில் இஸ்திரியை ஓட்டியபடியே கேட்டாள்.

“அந்த ரெண்டு வருஷமும் பள்ளிக்கூடத்துல இத எழுத வச்சாங்களா?”

“சோதனைக்குச் சில பள்ளிக்கூடத்துல, ஆமா.”

“‘குறைவு’ன்னு அறிக்கையும் போச்சா?”

தங்கை தலையசைத்தாள்.

“எத்தனை பேருக்குடி?”

“மூவாயிரத்துச் சொச்சம்.”

அக்கா இஸ்திரிப்பெட்டியை அணைத்தாள். “என்னை ஒருத்தன் தெரியாம மரக்கட்டையாக்கினான். நீ தெரிஞ்சே மூவாயிரம் பேர ஆக்கிட்டு, என் பேரச் சொல்லிக்கிட்டு வந்து நிக்கிற. வீட்டுக்குப் போ.”

பேராசிரியர் பதவி விலகினார். தேர்வும் கைவிடப்பட்டது. தங்கை வேலையை விட்டுவிட்டு, அந்த அறிக்கைகளைக் கிழித்துப்போடும்படி ஒவ்வொரு பள்ளிக்கும் கடிதம் எழுதத் தொடங்கினாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. அக்கா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனாலும் எழுதும்போது நடுவில் பேராசிரியரின் அந்த வெளிறிய முகம் நினைவுக்கு வரும். வெட்கமாக இருக்கும், இனிக்கவும் செய்யும்.