கிழக்கு முகத்துக் கண்ணாடிகள்

பொழுது புலர இன்னும் இரு நாழிகை இருந்தது. நகரத்து நெடுமாடங்கள் யாவும் நீராடக் காத்து நிற்கும் யானை நிரைபோல் இருளில் அசையாது நிற்க, உறக்கம் கெட்ட கண்கள்போல் தெருவிளக்குகள் சிவந்து மங்க, ஆளரவமற்ற வீதிகளில் குளிர்காற்று ஒவ்வொரு கதவாய்த் தட்டிப் பார்த்துச் சென்றது. அவ்வேளையில், பதினெட்டு அடுக்கு அலுவல் மாளிகையொன்றின் கிழக்கு முகத்தில், இரு வடங்களில் தொங்கும் மேடைமேல் நின்று, நெற்றியில் கட்டிய சிறுவிளக்கின் ஒளியில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான் ஒருவன்.

உலகோர்க்கு ஞாயிறு விளக்கு, இவனுக்கோ பகை. வெயில் பட்டால் பூசிய நுரைநீர் வழித்தெடுக்குமுன் உலர்ந்து, கண்ணாடியில் வெள்ளைத் தடம் பதித்துவிடும். ஆதலால் கிழக்கு முகத்தை இருளிலேயே முடித்து, ஞாயிறு தலைகாட்டும்போது மேற்கு முகத்துக்குச் சென்றுவிடுவது அத்தொழிலின் முறை. பதினோர் ஆண்டுகளாய்க் கதிரவனுக்குப் புறங்காட்டி ஓடியே பிழைத்தவன், வானம் சிவப்பதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

அவன் மனைவியோ, வேலைக்குச் செல்லும் வழியில் நாள்தோறும் கீழ்வானை நோக்கிக் கைகூப்பியவள். ஈராண்டுகளுக்கு முன் மாடிப்படியில் வழுக்கி வீழ்ந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் படுக்கையோடு படுக்கையானவள். அவர்கள் அறையின் ஒரே பலகணிக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தொலைவில், அடுத்த வீட்டுச் சுவர் நின்றது.

“இன்னைக்கு எப்படி உதிச்சுது?” என்று அவள் முதன்முதல் கேட்டபோது, பார்க்கவில்லை என்று சொல்ல நா எழாமல், செம்பை உருக்கி ஊற்றியதுபோல் இருந்தது என்றான். அவள் கண்மூடி, “இன்னொரு நாளையும் குடுத்தியே, அது போதும்” என்று யாருக்கோ நன்றி சொல்லி, அன்று கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். அன்றுமுதல் வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் விடியல்களைப் புனைந்தான். அவள் அவற்றை உண்டு உயிர் வாழ்ந்தாள்.

ஒருநாள் அவன் வழக்கம்போல் பொன்னும் பவளமுமாய் அடுக்கிக்கொண்டே போக, அவள் இடைமறித்தாள்.

“காலையில எதுத்த சுவரே எனக்கு மங்கலாத்தான் தெரிஞ்சுது, அவ்வளவு மூடுபனி. உங்களுக்கு மட்டும் தனியா ஒரு சூரியன் உதிச்சுதா?”

அவன் தலை கவிழ்ந்தான்.

“அப்ப, ரெண்டு வருஷமா உங்க வாய்ப்பேச்சுக்கா நான் கும்பிடு போட்டேன்?”

அதன்பின் அவள் கேட்கவில்லை. கேள்வி நின்றது, கேள்வியோடு உணவும் சுருங்கியது.

பத்தாம் நாள், கிழக்கு முகத்தில் எஞ்சிய மூன்று கண்ணாடிகளுக்கு நுரை பூசியவன், அதை வழித்தெடுக்காமல் கீழ்வானை நோக்கித் திரும்பி நின்றான். அவன் புனைந்த செம்பும் பொன்னும் அங்கில்லை. முதலில் கழுவுநீர்போல் கலங்கிய சாம்பல்நிறம். பின் இரு புகைபோக்கிகளுக்கிடையே கத்திக் கீறல்போல் ஒரு செங்கோடு. அக்கோடு மெல்ல விரிந்து அவன் வெடித்த விரல்களைச் சிவப்பாக்கி, வாளியிலிருந்த அழுக்குநீரையும் வேற்றுமை பாராது ஒளியாக்கியது. அவனறியாமல் கைகள் குவிந்தன. நன்றி என்பது இன்னதென்று அவன் நெஞ்சு அன்றுதான் அறிந்தது.

கீழே இறங்கியதும் கண்காணி அண்ணாந்து பார்த்தான். “ஏன்யா, மூணு கண்ணாடியும் தேமல் புடிச்ச மாதிரி இருக்கு?”

“சூரியனப் பாத்துட்டு நின்னுட்டேன்.”

“சூரியன் என்ன உன் மாமனாரா, நின்னு மரியாதை பண்ண? நாளையிலேருந்து மொட்டைமாடில நின்னு பாரு. இந்தப் பக்கம் வராத.”

வேலை போன துயரையும் மறந்து, அவன் வீட்டுக்கு விரைந்தான்.

“இன்னைக்கு நெசமாவே பாத்தேன்.”

அவள் முகம் மெல்லத் திரும்பியது. “சொல்லுங்க.”

“மொதல்ல சாம்பலா இருந்துச்சு. அப்புறம் சிவப்பா... வாளித் தண்ணிகூட மின்னுச்சு.” மேற்கொண்டு சொல் வரவில்லை, நல்ல சொற்களையெல்லாம் அவன் பொய்க்கே செலவழித்திருந்தான்.

அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். “பொய் சொன்னப்ப இதவிட நல்லா சொன்னீங்க.”

“சத்தியமா பாத்தேன். அதுக்காக வேலையே போயிடுச்சு.”

“அதுக்கும் ஒரு கதையா?” என்று கேட்டு, அவள் மீண்டும் சுவர்ப்பக்கம் முகம் திருப்பிக்கொண்டாள். கஞ்சி ஆறியது.

புனைந்த விடியல்களுக்கு நன்றி சொல்ல ஒருத்தி இருந்தாள்; கண்ட விடியலுக்கோ, கண்டவனையன்றி ஒருவரும் இலர். படிப்போரே, பொய் தன் கடனை நாம் பொய்யுரைக்கும் நாளில் கேட்பதில்லை. மெய் பேச வாய் திறக்கும் நாளுக்காகக் காத்திருந்து கேட்கிறது. மறுநாள் ஞாயிறு எழுந்தபோது, அம்மாளிகையின் கிழக்கு முகத்தில் மூன்று கண்ணாடிகளில் மட்டும் வெண்தடங்கள் கதிர்பட்டு ஒளிர்ந்தன. அவன் கண்டதற்கு உலகில் எஞ்சிய சான்று அவையே. அதற்கடுத்த நாள், பொழுது புலருமுன், புதிதாய் வேலைக்கு வந்தவன் அவற்றையும் துடைத்துவிட்டான்.