மாப்பிள்ளையின் மீசையும் மாமியார் வீட்டு மீட்டரும்

மாமியார் வீட்டுக் குளிர் லேசுப்பட்ட குளிர் அல்ல. குளிர்காலம் வந்தால் அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரம் பெண்டுலத்தை உள்ளே இழுத்துக்கொண்டு படுத்துவிடும் என்பார்கள். நேரில் பார்த்தவர்கள் யாரும் இதை மறுத்ததில்லை.

மாப்பிள்ளைக்கோ தொழிலே அதுதான். வீடுவீடாகப் போய்ச் சுவரையும் கூரையையும் அளந்து, உள்ளே பஞ்சு அடைத்தால் ஹீட்டருக்கு எவ்வளவு கரண்ட் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்பவர். சொந்த மாமியார் வீட்டைச் சும்மா விடுவாரா? ஐந்து அறைகளையும் அளந்தார். ஜன்னல் இடுக்குகளில் விரல் வைத்து நாடி பார்த்தார்.

"அத்தை, பஞ்சு அடைச்சா வர்ற குளிர்காலம் மீட்டர் பாதிதான் ஓடும். இல்லேன்னா இந்த மீசையை எடுத்துடறேன்!"

அதுவும் சாதாரண மீசையா? அவர் ஒரு வீட்டுக்குப் போனால் அது முன்னால் போய்க் கதவைத் தட்டும். பெண் பார்க்கப் போன அன்று மனைவி தலையாட்டியதே மீசையைப் பார்த்துத்தான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

"சரிங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருமிக்கொண்டார்.

பஞ்சு அடைத்தாயிற்று. குளிர்காலம் வந்தது, போனது. மாமனார் எழுந்து போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். ரேசரைத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

போன வருஷம் ஓடிய அளவே ஓடியிருந்தது மீட்டர்.

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. கூரைக்கடியில் ஏறிப் பஞ்சைத் தடவிப் பார்த்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். ஒரு பழுதும் இல்லை. இறங்கி வந்தவருக்குச் சட்டென்று ஒரு சந்தேகம்.

"அத்தை, போன வருஷம் அஞ்சு ரூம்லயும் ஹீட்டர் ஓடுச்சில்ல?"

"அஞ்சு ரூம்லயா? நல்லா கேட்டீங்க போங்க! வீட்டுல இருந்ததே ஒரு ஹீட்டர். சமையல்கட்டுல அதுக்கு முன்னாடிதான் எல்லாரும் முடங்கிக் கிடந்தோம்."

"நான் வர்றப்பல்லாம் ஓடுச்சே!"

"நீங்க வர்றீங்கன்னா அக்கம்பக்கத்துல இரவல் வாங்கி ரூமுக்கு ஒண்ணு வெப்போம். வீட்டு மாப்பிள்ளை நடுங்கிக்கிட்டுப் போனா எங்க மானம் என்னாறது?"

"இந்த வருஷம்?"

"நீங்கதான் பாதி மிச்சமாகும்னீங்களே. அந்தத் தைரியத்துல ரூமுக்கு ஒண்ணு வாங்கிட்டோம். ஆளுக்கொரு ரூம், ராஜா மாதிரி தூக்கம்."

ஓடாத நாலு ஹீட்டரை ஓடியதாக வைத்து, செலவே ஆகாத கரண்டை மிச்சம் பிடித்திருக்கிறார் மனிதர்! மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியாம என்ன?"

"சொல்லக்கூடாதா?"

"நீங்க சுவரைத்தான் கேட்டீங்க. என்னைக் கேக்கலையே."

மாப்பிள்ளை கடைசியாக ஒரு முட்டு முட்டிப் பார்த்தார். "அப்போ ஒரு ரூம் கரண்டுல இப்ப அஞ்சு ரூம் சூடாகுது! கணக்குப்படி நான்தானே ஜெயிச்சேன்?"

மாமனார் முதல்முறையாக வாயைத் திறந்தார். "மீட்டர்னுதானே சொன்னீங்க மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை மீசையைக் கையால் மூடிக்கொண்டு மாமியாரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பயப்படாம எடுங்க மாப்பிள்ளை. வீடுதான் கதகதன்னு இருக்கே, மூக்குக்குக் கீழ குளிராது."

குளியலறையிலிருந்து வெளியே வந்தவர் மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இனிமே என்னைப் பிடிக்குமோ என்னமோ..." என்று முனகினார்.

"அடடா, மீசைக்காகத்தான் கட்டிக்கிட்டேன்னு நெனச்சீங்களா? அதைப் பொறுத்துக்கிட்டுத்தாங்க கட்டிக்கிட்டேன்!"