நூலக நிறுத்தத்தில் இறங்காதவர்

பாதாள ரயிலில் மரியாதை என்பதே தனி ரகம். முன்பின் தெரியாதவரின் அக்குளில் மூக்கை வைத்துக்கொண்டு பத்து நிறுத்தம் போகலாம், தப்பில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் போச்சு. பக்கத்து ஆளின் செல்போனில் நாமும் படம் பார்க்கலாம். ஆனால் அவர் சிரிப்பதற்கு முன்னால் சிரித்துவிடக் கூடாது. இதையெல்லாம் எந்த மகராசன் ஏற்படுத்தினானோ!

லாண்டரியில் இஸ்திரி போடும் அக்காவுக்கு இதெல்லாம் அத்துபடி. ஒரே ஒரு விஷயம்தான் மண்டையைக் குடைந்தது. சாயங்காலம் அவள் ஏறும் பெட்டியில், கதவோரம் கண்ணாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவள் எதிரே போய் நின்றதும் பையைத் தோளில் மாட்டுவார். அடுத்து வரும் நூலக நிறுத்தத்தில் எழுந்துவிடுவார், அந்த இடத்தில் அவள் உட்கார்ந்துகொள்வாள். ஒரு மாதமாக இதே கதை. தினமும் நூலகம் போகிற ஆள் கையில் ஒரு புத்தகம்கூட இல்லையே, அங்கே அப்படி என்னதான் செய்கிறார்?

அந்த இருக்கை இல்லாவிட்டால் அவள் பாடு திண்டாட்டம்தான். வலது முழங்கால் மூன்று மாதமாக மக்கர் பண்ணியது. வேலையோ நாள் முழுக்க நிற்கிற வேலை. நிற்க முடியாதவர்களை மாசக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதனால் வலியைப் பற்றித் தங்கையிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை. தங்கையும் அங்கேதான் துணி மடிக்கிறாள், அவள் வாயில் எதுவும் தங்காது.

அன்றைக்கு ஆர்வம் தாங்காமல், நூலகம் தாண்டியதும் எட்டிப் பார்த்தாள். எதிர்க் கதவோரம், ஒரு தடித்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி நின்றார் கண்ணாடிக்காரர். இறங்கவே இல்லை! அவள் விடுவாளா? கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ப் பிடித்துவிட்டாள்.

அவர் திருதிருவென்று விழித்தார். தன் நிறுத்தம் இன்னும் ஐந்து தள்ளி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். முன்பு ஒரு அம்மாவை உட்காரச் சொல்லப்போய், தன்னைக் கிழவி என்று நினைத்தாயா என்று மூன்று நிறுத்தம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். அதைப் பார்த்த நாளிலிருந்து இந்தப் பெட்டியில் இடம் கொடுக்க நினைப்பவர்கள் இறங்குவதுபோல் நடிப்பதுதான் வழக்கமாம். அந்தத் தடித்த மனிதரும் யாருக்கோ எழுந்தவர்தானாம்.

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“என் கால்வலி உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?”

“செருப்புக் கடையில வேலை பாக்கறேன்க்கா. நாள் பூரா காலைத்தான் பாக்கறேன். உங்க இடது செருப்பு மட்டும் தேஞ்சிருக்கு. வலது காலை நீங்க ஊனறதே இல்ல.”

ஊர் பேர் தெரியாத ஆளுக்கே தெரிகிறதென்றால் முதலாளிக்குத் தெரியாமல் இருக்குமா? பயத்தில் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

“உங்க முதலாளி கீழ குனிஞ்சு பாக்கற ஆளாக்கா?”

அவள் யோசித்தாள். ஒன்பது வருஷமாக அந்த மனிதர் அவளிடம் பேசியதெல்லாம் மேஜைமேல் கிடக்கும் சட்டையைப் பார்த்துத்தான்.

“அவரு என் மூஞ்சியையே பாத்ததில்ல தம்பி.”

“அப்ப தப்பிச்சீங்க.”

இருவரும் சிரித்தார்கள். வேலை போகாது என்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அந்த ஒன்பது வருஷத்தை நினைத்துப் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது.