கால் தூக்கினால் தோல்வி

"உம்முடைய பேர்?"

"கம்சிகா. நயினாதீவு, மாஸ்டர்."

"ஏன் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறீர்? கட்டா வரிசை செய்யேக்கை பாதம் நிலத்திலை இழுபட வேணும். கொக்கே நீர்?"

வேலணை மண்டபத்தில் கறுப்புப் பெல்ட் சோதனை. யாழ்ப்பாணத்துக் கராத்தே சங்கத்திலிருந்து வந்திருந்த பரிசோதகர் ஜெகதீஸ் கதிரையை விட்டு எழும்பவில்லை. கம்சிகாவுக்குக் கராத்தே பழக்கிய வசீகரன் சுவரோடு நின்றான். அடுத்த மாதம் அவன் கனடாவுக்குப் போகிறான். இன்றைக்கு அவளுக்குப் பெல்ட் கிடைத்தால்தான் நயினாதீவின் பதினொரு பெட்டைப் பிள்ளைகளுக்கும் அவள் வகுப்பு நடத்தலாம். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

"நாங்கள் கடற்கரையிலை பழகினனாங்கள், மாஸ்டர். மணலிலை காலை இழுத்தால் புதைஞ்சு போகும்."

"உந்தச் சாட்டுச் சொல்லத்தான் கடல் தாண்டி லோஞ்ச் ஏறி வந்தனீரோ?"

"சாட்டில்லை. வசீகரன் அண்ணையைக் கேளுங்கோ."

வசீகரன் செருமினான். "அவ பிழையாப் பழகிட்டா, மாஸ்டர்."

"நீங்கள்தானே அண்ணை காட்டித் தந்தனீங்கள்!"



"திரும்பச் செய்யும்," என்றார் ஜெகதீஸ். மூன்று தரம் செய்தாள். மூன்று தரமும் கால் தன்பாட்டில் எழும்பியது. பின்னால் சிரித்தார்கள்.

"தோல்வி. அடுத்த ஆள் வாரும்."

"அடுத்த ஆள் பொறுக்கட்டும். பின்வளவிலை மணல் கிடக்கு. அங்கை வந்து எனக்கு எதிரை நில்லுங்கோ, மாஸ்டர்."

"நீ எனக்குச் சோதனை வைக்கிறியோ?"

"பயமெண்டால் விடுங்கோ."

இத்தனை பேருக்கு முன்னால் அவர் எழும்பாமல் இருக்க ஏலாது. பின்வளவுக்கு வந்தார். முறைப்படி முன்காலை இழுத்தார்; மணல் குவிந்து விரல்களை மூடியது. அவர் காலைப் பிடுங்க முன்னம் அவளுடைய கைமுட்டி அவர் தொண்டைக்கு ஒரு நூல் இடைவெளியில் வந்து நின்றது. தொடவில்லை. தொடக்கூடாது என்பதுதான் சட்டம்.

ஒருவரும் கை தட்டவில்லை.

ஜெகதீஸ் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பேனையை எடுத்தார். "கை சரி. கால் பிழை. தோல்வி."

"உங்கடை கால் பிழைச்சதையும் எழுதுங்கோ."

"சோதனைக்கு வந்தது நீ. வெளியிலை போ."

வசீகரன் படலை வரைக்கும் பின்னால் ஓடி வந்தான். "கோவிக்காதையும் கம்சிகா. அந்தாளைப் பகைச்சால் என்ரை சேட்டிபிக்கற்றிலை கையெழுத்து வைக்காது. கனடாவிலை அது வேணும்."

"திங்கக்கிழமை வகுப்பு நடக்கும்."

"பெல்ட் இல்லாமலோ? சங்கம் விடாது."

"வந்து மறிக்கட்டும். ஆர் பழக்கினது எண்டு பெட்டையள் கேட்டால் மட்டும் உங்கடை பேரைச் சொல்லமாட்டன்."