வலப்பக்கம் ஓடுகிறவள்

கிளேட்டன் பல்கலைக்கழக ஓடுதளத்தின் கம்பி வேலியில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, தன் பிள்ளைகள் இருவரும் வளைவைச் சுற்றி வருவதை ஆனந்தராஜா பார்த்துக்கொண்டு நின்றார். உட்பக்கத்து முதல் லேனில் கீர்த்தனன். அவனுக்கு வலப்பக்கம், இரண்டாம் லேனில், வினுஷா. வளைவு முடிந்து நேர்ப்பகுதி தொடங்கியதும் கீர்த்தனன் வலப்பக்கமாக ஒதுங்கத் தொடங்கினான். தான் ஒதுங்குவது அவனுக்குத் தெரியாது. முகம் நேரே பார்த்தபடி இருந்தது, கைகள் ஒழுங்காக வீசின, கால்கள் மட்டும் மெல்ல மெல்லக் கோட்டை விட்டு வெளியே போயின. அவனுடைய தோள் தங்கையின் தோளில் முட்டியது. முட்டியதும் அவன் நிமிர்ந்து தன் லேனுக்குள் வந்தான். கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி முட்டினான். வினுஷா அவனைத் தள்ளவுமில்லை, விலகி இடம் கொடுக்கவுமில்லை. தோளை இறுக்கி வைத்துக்கொண்டு, அவனுடைய வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்து, எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தாள்.

செப்டெம்பர் மாதம். குளிர் இன்னும் முழுதாய் விடவில்லை. ஜூனில் குளிரும் டிசம்பரில் கோடையும் வரும் இந்த ஊரில் ஓட்டக்காரர்களுக்குக் கோடைதான் பருவம். அதற்கு உடம்பைத் தயார் செய்வது இந்த மாதங்களில். குளிர்காலம் ஃபுட்டிக்கு உரியது. நீள்வட்டப் பந்தை உதைத்தும் கையால் குத்தியும், ஒருவர் மேல் ஒருவர் விழுந்தெழும்பியும் விளையாடும் அந்த விளையாட்டு ஆனந்தராஜாவுக்குக் கடைசிவரை விளங்கியதில்லை. கீர்த்தனன் அதில் சேர்ந்தபோது, குளிர்காலத்தில் உடம்பு சூடாக இருக்கட்டும் என்றுதான் சேர்ந்தான். பல்கலைக்கழகத்தில் அவனோடு ஒரே வகுப்பில் படித்த சஞ்சய், சென்னையிலிருந்து சின்ன வயதில் வந்த பொடியன், அவனைக் கூட்டிக்கொண்டு போய் பல்கலைக்கழக அணியில் விட்டான். நானூறு மீற்றர் ஓடுகிறவனுக்கு மைதானத்தின் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். பந்து அவன் கைக்கு வந்தால் ஒருவராலும் பிடிக்க முடியாது.

தாய் யோகாவுக்கு அது பிடிக்கவில்லை. முதல் வருடமே மூக்கு உடைந்து வந்தான். பிறகு ஒரு விரல். வீட்டில் ஐஸ் பொதி வைக்கவென்றே குளிர்பெட்டியில் ஒரு தட்டு ஒதுக்கினாள். ஆனந்தராஜாவுக்கோ உள்ளூரச் சந்தோஷம்தான். ஓட்டப்போட்டியில் மகன் தனியே ஓடி, தனியே வென்று, தனியே பையைத் தூக்கிக்கொண்டு வருவான். ஃபுட்டியில் அப்படியில்லை. விளையாட்டு முடிந்ததும் சேறு பூசிய பெரிய பெரிய பொடியன்கள் அவனைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய தகப்பன்மார் இவருக்கும் சொசேஜ் வைத்த பாணை நீட்டி, “உங்கள் மகன் காற்று” என்றார்கள். ட்ருகனீனாவில் குளிர்க் களஞ்சியத்தில் பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவரிடம் அதுவரை யாரும் அப்படி வந்து கதைத்ததில்லை.

மூன்று மாதங்களுக்கு முன், ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, நிலத்தில் கிடந்த பந்தை எடுக்கக் குனிந்தவனின் தலையில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் மோதியது. வேண்டுமென்று செய்ததல்ல. கீர்த்தனன் எழும்பிக் கையை உயர்த்தி, ஒன்றுமில்லை என்று காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள், ஆனந்தராஜாவும் தட்டினார். கடைசிவரை ஓடினான். உடுப்பு மாற்றும் அறையில் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கும்போது அப்படியே முன்னால் சரிந்தான். அன்று மாலையே மண்டையோட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து இரத்தத்தை வெளியே எடுத்தார்கள். பிழைத்ததே பெரிய விஷயம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது எல்லோருமே ஒரே மாதிரித் தலையை ஆட்டினார்கள்.

பிழைத்து வந்தவன் கீர்த்தனன்தான். சிரிப்பு அதே சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் எந்தப் போட்டியில் யாரை முந்தினான் என்பதெல்லாம் ஞாபகம் இருந்தது. காலையில் சாப்பிட்டது ஞாபகம் இல்லை. கதிரையைக் காட்டி அதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் நிற்பான். பிறகு கோபத்தில் அதையே உதைப்பான். வலப்பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பையைக் காணாமல் தட்டி விழுத்துவான். நடக்கும்போது வலத் தோள் கதவுநிலையில் இடிபடும். யோகா வீட்டுக் கதவுநிலைகளுக்கெல்லாம் பஞ்சுத் துணி சுற்றி வைத்தாள்.

ஓகஸ்டில் மறுவாழ்வு நிலையத்து வைத்தியர், பக்கத்தில் ஓர் ஆளோடு மெல்ல ஓடலாம், அது அவனுக்கு நல்லது என்றார். அன்று பின்னேரமே வினுஷா தன் ஓட்டச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அண்ணாவின் வலப்பக்கம் போய் நின்றாள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் நானூறு மீற்றர்காரி. அந்த வருடம்தான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தாள். நவம்பரில் நடக்கும் தெரிவுப் போட்டியில் முதல் இருவருக்குள் வந்தால், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குப் போகலாம். அதற்காகப் பள்ளி நாட்களிலிருந்தே காத்திருந்தவள்.

அந்த மாதக் கடைசியில் ஃபுட்டி அணியின் பரிசளிப்பு விழா நடந்தது. சஞ்சய் வீட்டுக்கு வந்து கீர்த்தனனுக்குக் கழுத்தில் ரை கட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனான். ஆனந்தராஜாவும் யோகாவும் பின்மேசையில் இருந்தார்கள். மகனை மேடைக்கு அழைத்து, எல்லோரும் கையெழுத்திட்ட அவனுடைய இலக்கச் சட்டையைச் சட்டமிட்டுக் கொடுத்தார்கள். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் கைதட்டல் ஏன் அவ்வளவு நீள்கிறது என்று ஆனந்தராஜாவுக்குப் புரிந்தபோது அவருடைய கைகள் தாமாக நின்றுவிட்டன. கீர்த்தனன் ஒலிவாங்கியைப் பிடித்து, அடுத்த கிழமை தான் விளையாடத் தயார் என்றான். சிலர் சிரித்தார்கள். சஞ்சய் மேடைப் படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அதன்பிறகு அவன் இரண்டொரு தடவை வந்தான். பிறகு செய்தி அனுப்பினான். பிறகு அதுவும் நின்றுபோனது.

ஒக்டோபரில் ஒரு நாள், வினுஷாவுக்கு ஓட்டம் பழக்கும் கோச் ஆனந்தராஜாவை வேலி ஓரமாக அழைத்தார். அதிகம் பேசாத, நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டிய பெண். வினுஷா தனியே ஓடியதைத் தன் தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். ஆனந்தராஜா பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கோச் படத்தை மெதுவாக ஓடவிட்டார். இறுதி நேர்ப்பகுதியில், களைத்துப்போன வேளையில், வினுஷாவின் உடம்பு இடப்பக்கமாகச் சாய்ந்தது. இடத் தோள் இறுகி, எதையோ தாங்க ஆயத்தமாக முன்னுக்கு வந்தது. அவளுக்குப் பக்கத்தில் எவரும் இல்லை.

அவள் இப்போது தன் ஓட்டத்தை ஓடவில்லை என்று கோச் சொன்னார். அண்ணனோடு ஓடுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாராம், மறுத்துவிட்டாளாம். “நான் இதற்கு மேல் சொல்லக்கூடாது, நீங்கள் குடும்பம்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மகளிடம் சொல்லிப் பயனில்லை என்று ஆனந்தராஜாவுக்குத் தெரியும். மகனிடம்தான் சொல்லவேண்டும். மறுநாள் வினுஷா விரிவுரைக்குப் போயிருந்தபோது, கீர்த்தனனைக் காரில் ஏற்றிக்கொண்டு வெரிபீ ஆற்றுப் பக்கம் போனார். மரநிழலில் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

“தம்பி, இனி நீ வினுவோட ஓட வேண்டாம். அவள் தனிய ஓடிப் பழகோணும்.”

கீர்த்தனன் அவர் பக்கம் திரும்பினான். “அவள் சொன்னவளோ?”

“இல்லை. நான்தான் சொல்லுறன்.”

“நான் அவளில முட்டுறனானோ அப்பா?”

ஆனந்தராஜா ஓம் என்று தலையசைத்தார்.

“எனக்குத் தெரியேல்ல,” என்றான் கீர்த்தனன். “தெரிஞ்சிருந்தா முதலே நிண்டிருப்பன்.”

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தான்.

அடுத்த நாள் விடிய, வேலைக்குப் புறப்பட வெளியே வந்த ஆனந்தராஜா வாசற்படியில் மகன் சப்பாத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டார். தண்ணீர்ப் போத்தல் மடியில் இருந்தது. “வினு எழும்பிட்டாளோ?” என்று கேட்டான். முதல்நாள் சொன்னது அவனிடம் இல்லை. ஆனந்தராஜா அந்தப் படியிலேயே அவனுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அவனும் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டு, முதல்முறை போலவே முகம் வெளிறி, அதே வார்த்தைகளைச் சொன்னான். எனக்குத் தெரியேல்ல. தெரிஞ்சிருந்தா முதலே நிண்டிருப்பன்.

யோகா சப்பாத்தை உடுப்புத் தோய்க்கும் அறை அலுமாரிக்குள் ஒளித்து வைத்துப் பார்த்தாள். அவன் பகல் முழுக்க வீடெல்லாம் தேடி, கட்டிலுக்கடியில் படுத்துத் தேடி, கடைசியில் குசினியில் வந்து நின்று அழுதான். அவளே எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கிழமை அவர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். ஒரு நாள் யோகா, ஒரு நாள் ஆனந்தராஜா. யார் சொன்னாலும் அவனுக்கு அது புதிய செய்தி.

வினுஷா தகப்பனோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள். ஒரே ஒரு தடவை, காரை வீட்டு வாசலில் நிறுத்தியபோது, இறங்காமல் இருந்து சொன்னாள்: “இட்ஸ் மை சீசன், அப்பா. என்ன செய்யிறது எண்டு நான்தானே முடிவெடுக்கோணும்.” பிறகு, கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி, “ஓடேக்க மட்டும்தான் அவர் பழைய அண்ணா மாதிரி இருக்கிறார். அதை நீங்கள் ஒருக்காலும் பக்கத்தில நிண்டு பாக்கேல்ல.”

ஆனந்தராஜா கார்ச் சாவியை உருவினார். ஒரு பிள்ளை போய்விட்டது, மற்றதாவது ஓடட்டும் என்று நினைத்ததை அவளிடம் எப்படிச் சொல்வது? அப்படி நினைத்ததே அவருக்குக் கூசியது. ஆஸ்பத்திரியில் மகன் கண் திறந்த அன்று, இனி ஒன்றுமே வேண்டாம் என்று நினைத்தவர் அவர். அது உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உண்மை இவ்வளவு சீக்கிரம் போதாமல் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஒரு காலை, படியில் இருந்தவன் தகப்பன் வெளியே வருவதைக் கண்டு நிமிர்ந்தான். ஆனந்தராஜா வாயைத் திறக்கவில்லை. கீர்த்தனன் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினான்.

“முதலே சொல்லிட்டீங்கள் போல,” என்றான்.

“ஓம் தம்பி.”

“கனக்கத் தரமோ?”

“இல்லை,” என்று பொய் சொன்னார் ஆனந்தராஜா.

தெரிவுப் போட்டியன்று வடக்கிலிருந்து வெப்பக் காற்று வீசியது. தங்கை ஓடுவதைப் பார்க்கவேண்டும் என்று கீர்த்தனன் கேட்டிருந்தான். யோகா அவனுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு அனுப்பினாள். தகப்பனும் மகனும் இறுதி வளைவுக்கு நேரே உள்ள படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். இடைப்பட்ட கிழமைகளில் கோச் வினுஷாவோடு பாடுபட்டிருந்தார். சாய்வு போய்விட்டது என்றே சொன்னார். அவளுக்கு நாலாம் லேன் கிடைத்திருந்தது.

வெடி கேட்டதும் அவள் புறப்பட்டாள். முதல் வளைவில் அவள் ஓடியதைப் பார்த்து ஆனந்தராஜா படியின் விளிம்புக்கு நகர்ந்து வந்தார். முதுகு நிமிர்ந்து, அடி நீண்டு, அவள் அவளாகவே ஓடினாள். தூரத்து நேர்ப்பகுதியில் காற்று முகத்தில் அடித்தும் விட்டுக்கொடுக்கவில்லை. கீர்த்தனன் முழங்காலைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். “இப்ப பொறுக்கோணும். வளைவு முடியும்வரைக்கும் பொறுக்கோணும்,” என்று தனக்குள் சொன்னான். ஒரு சொல் தடுமாறவில்லை. ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவனுக்கு எல்லாச் சொற்களும் இருந்தன.

இறுதி வளைவின் நடுவில் அவள் களைத்தாள். அவர்களுக்கு நேரே வந்தபோது முகம் கோணியிருந்தது. அப்போதுதான் அவளுடைய இடத் தோள் மெல்ல இறுகி முன்னுக்கு வந்தது. வளைவில் உட்பக்கக் கோட்டை ஒரு தரம் மிதித்தால் மன்னிப்பார்கள், அதற்கு மேல் மிதித்தால் ஓட்டம் செல்லாது. அவளுடைய இடது கால் வெள்ளைக் கோட்டில் விழுந்தது. எடுத்து வைத்த அடுத்த இடது காலும் கோட்டில் விழுந்தது. அதற்கடுத்ததும்.

“ஏன் அப்பா வினு இடப்பக்கம் சாயிறாள்?” என்று கீர்த்தனன் கேட்டான். தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நெற்றி சுருங்கியிருந்தது. “அங்க ஒருத்தரும் இல்லையே.”

வினுஷா நேர்ப்பகுதியில் முன்னால் போனவளை எட்டிப் பிடித்து, தோளோடு தோளாக வந்து, இரண்டாவதாகக் கோட்டைக் கடந்தாள். கூடப் படிப்பவர்கள் கத்தினார்கள். அவள் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, படிக்கட்டில் யாரையோ தேடினாள். அண்ணாவைக் கண்டதும் பல வாரங்களாக வீட்டில் யாரும் காணாத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. கீர்த்தனன் எழும்பி நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

அவளுக்குப் பின்னால், தூரத்தில், வெறிச்சோடிய வளைவின் புல்லோரத்தில், தொப்பி போட்ட வயதான நடுவர் ஒருவர் தவறு கண்டதைக் குறிக்கும் மஞ்சள் கொடியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். காற்று அந்தக் கொடியை விடாமல் அடித்தது. அவர் அதை இறக்காமல், யாராவது தன் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.