ராய்ஸ் டாக்கெட் தன்னையே திட்டிய பிற்பகல்

1

இந்தக் கதை எனக்கு வேலியோரத்தில் கிடைத்தது. ஓக்லஹோமாவில் எங்கள் வீட்டுக்கும் ராய்ஸ் டாக்கெட் வீட்டுக்கும் நடுவே உள்ள வேலி, பலமாகக் காற்றடித்தால் சாய்ந்துவிடும். இருவரும் சேர்ந்து நிமிர்த்துவோம். அப்படி ஒரு சனிக்கிழமை அவர் சொன்னார்: "ஒரு ஆளைக் கொல்லலாமா வேணாமான்னு பேசச் சொல்லி எங்க பன்னெண்டு பேரை ஒரு ரூம்ல போட்டுப் பூட்டினாங்க. என் ஜென்மத்துல நான் அப்படிச் சிரிச்சதில்ல."

ஓடிப்போய் எழுதினேன்:

மரணத்தின் நிழல் படிந்த அந்த அறையில் பன்னிரண்டு முகங்களும் கல்லாய் இறுகி—

ராய்ஸிடம் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். "கல்லா? எங்க பன்னெண்டுல ஒருத்தன் கேரி, அவன் மூஞ்சிய நீ பாத்ததில்ல. வேகவெச்ச உருளக்கிழங்கு மாதிரி இருக்கும்" என்றார். வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். அது அங்கேயே கிடக்கட்டும்.

2

ராய்ஸ் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுபவர். வழக்கு இதுதான்: கோடி ரேன்ஸ் என்பவன் பெட்ரோல் பங்க் கடையில் திருடப் போய், அங்கே வேலை பார்த்த மேரிபெத் ஹாலிஸைச் சுட்டுக் கொன்றான். அவன் குற்றவாளி என்று அந்தப் பன்னிரண்டு பேர் ஜூரி ஏற்கெனவே சொல்லியாயிற்று. (துப்பறியும் கதை தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.) மிச்சமிருந்தது ஒரே கேள்வி. மரண தண்டனையா, வெளியே வரவே முடியாத ஆயுள் சிறையா? எங்கள் மாநிலத்தில் அதையும் ஜூரிதான் தீர்மானிக்க வேண்டும். மரணம் என்றால் பன்னிரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும்.

ஜூரி தலைவர் ராய்ஸ். தகுதி, குரல். 'குற்றவாளி' என்று அவர் படித்தபோது வாசலில் நின்றவர்களுக்கே கேட்டதாம். "அடுத்ததையும் நீங்களே படிச்சிடுங்க" என்றார் ஒடெஸா புரூயிட். ஜூரியில் ஒருவர்; தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாள், ராய்ஸைவிட மூத்தவர்.

சீட்டில் எழுதிப் போட்டார்கள். ராய்ஸ் பிரித்துப் படித்தார். மரணம் பதினொன்று, ஆயுள் ஒன்று.

அந்த ஒன்று ராய்ஸ் எழுதியது.

(இதை ஒளித்துவைத்துக் கடைசியில் உடைக்கலாம் என்று ஒரு வரைவு எழுதினேன். சுவாரசியமே இல்லை. தெரிந்துகொண்டு பார்த்தால்தான் வேடிக்கை.)

3

"யாருப்பா அது?" என்றார் கேரி.

'நான்தான்' என்று ராய்ஸால் எப்படிச் சொல்ல முடியும்? ஜூரி தேர்வின்போது, தேவைப்பட்டால் மரண தண்டனை கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு "தாராளமா" என்று சொன்ன மனிதர். அவர் எந்தப் பக்கம் என்று சந்தைக்கே தெரியும். அதனால் எழுந்து நின்று, ஆயுள் எழுதிய அந்த முகம் தெரியாத ஆளைத் திட்ட ஆரம்பித்தார்.

"யாரா இருந்தாலும் காதைத் தொறந்து கேளு. அந்தப் பொண்ணு கையத் தூக்கிட்டு நின்னுச்சு. பணத்தையும் எடுத்துக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் சுட்டிருக்கான். உனக்கு எங்கேருந்து இரக்கம் வருது?"

இங்கேதான் எனக்குப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு மனிதர் இப்படிச் செய்வாரா? போய்க் கேட்டேன்.

"அவன் கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் தெரியலப்பா" என்றார். அவன் என்று தன்னையே சொல்கிறார். "நான் நல்லா எகிறினா, யாராவது ரோஷப்பட்டுப் பதில் சொல்வாங்கன்னு பாத்தேன்."

ஓரத்திலிருந்த ஒரு பெண், "எப்படியும் அவன் ஜெயில்லயேதானே சாகப்போறான்" என்று மெல்ல ஆரம்பித்தாள். ராய்ஸுக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆனால் பழக்க தோஷம், அவளையும் மடக்கிவிட்டார். மடக்கிய பிறகு இவர் முகம்தான் தொங்கிவிட்டது.

சாண்ட்விச் வந்தது. ஒடெஸா காகிதத்தைப் பிரித்தபடியே சொன்னார்: "ஏன் ராய்ஸ், நாங்கல்லாம் யாரு யாருன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்கோம். நீங்க மட்டும் யாரையும் தேடவே இல்லையே. அந்தச் சீட்டு உங்களுதா?"

"ஆமாம்மா."

"அப்போ இவ்வளவு நேரமும் உங்களையேவா திட்டினீங்க?" என்றார் கேரி.

"ஆமா. ஜெயிக்கவும் செஞ்சேன்."

அறை வெடித்தது. ஒருவருக்குப் புரையேறியது. என்னவோ ஏதோ என்று வெளியே நின்ற காவலர் கதவைத் தட்டினார்.*

* சிரிக்கலாமா என்று கேட்பீர்கள். மேசையில் சாட்சியங்களுக்கு நடுவே மேரிபெத்தின் புகைப்படம் இருந்தது. முதலில் அதைப் பார்த்தவர் முதலில் நிறுத்தினார். பிறகு ஒவ்வொருவராக.

4

"சரி, ஏன் எழுதினீங்க?" என்றார் ஒடெஸா. இப்போது குரலில் கேலி இல்லை.

"நீங்க எழுதி மடிச்சுப் போட்டுருவீங்க. வாயத் தொறந்து சொல்லப்போறது நான். காலைல கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். வரல."

"நாங்களும்தான் சொல்லணும். ஒவ்வொருத்தரையும் நிக்கவெச்சு இது உன் தீர்ப்பான்னு நீதிபதி கேப்பாரு." ஒடெஸா காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். "அந்தக் கோடி இதுல உக்காந்திருக்கான்னு வெச்சுக்குங்க. எல்லாரும் சொல்லிப் பாப்போம்."

முதலில் அவரே எழுந்தார். "உனக்கு மரணம்" என்று தெளிவாகச் சொன்னார். (அவரைக் கல்நெஞ்சக்காரி ஆக்கிவிடாதீர்கள். மேரிபெத்துக்காக அந்த அறையில் அழுதவர் அவர் ஒருவர்தான்.) இன்னும் ஏழு பேர் சொன்னார்கள். கேரி எழுந்தார், தொண்டையைச் செருமினார், "நான் உக்காந்துக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். மேலும் இரண்டு பேரால் முடியவில்லை.

எட்டுக்கு நாலு. மறுநாளும் அதே. ராய்ஸ் நீதிமன்றத்தில் எழுந்து, "எங்களால ஒத்துப்போக முடியலைங்க" என்றார். காதில் விழவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார் நீதிபதி. அப்படி ஒருவர் ராய்ஸைக் கேட்டது அதுவே முதல்முறை. ஜூரி ஒத்துப்போகாவிட்டால் மரணம் கிடையாது; தண்டனையை நீதிபதியே தீர்மானித்தார். ஆயுள்.

ஒடெஸா இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க செஞ்சது தப்பு ராய்ஸ்" என்று சொல்வதற்கென்றே ஞாயிறுதோறும் போன் செய்கிறார். பேச்சு பத்தே நிமிடத்தில் தக்காளிச் செடிக்குப் போய்விடும்.

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஜூரி கலைந்த அன்று வண்டி நிறுத்துமிடத்தில் மேரிபெத்தின் அப்பா ட்வைட் ஹாலிஸ் நேராக ராய்ஸை நோக்கி வந்தார். ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

முதல் வரைவில் ட்வைட் அவரை அறைந்தார். இரண்டாவதில் கைகுலுக்கினார். மூன்றாவதில் 'என் மகள் உன்னை மன்னித்திருப்பாள்' என்று ஏதோ—

"மூணுமே இல்ல" என்றார் ராய்ஸ்.

"அப்போ என்னதான் சொன்னாரு?"

"எங்கிட்டச் சொன்னாரு. உங்கிட்டச் சொல்லல."

எவ்வளவோ கெஞ்சினேன். வாய் தவறி ஒன்றே ஒன்று விழுந்தது: பேசி முடித்ததும் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறி, நெடுஞ்சாலை ஓட்டலில் பழம் பொதிந்து சுட்ட 'பை' சாப்பிடப் போனார்களாம். ட்வைட் செர்ரி, இவர் பீச்.

அந்தத் தொப்பிக்கும் செர்ரிக்கும் நடுவே ட்வைட் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை ராய்ஸிடம் மட்டும் காட்ட வேண்டாம். அதுவும் தப்பு என்பார்.